ரயிலை மறித்து வைத்த பின்னேரம்

1948 ஒக்டோபர் 2, சனிக்கிழமை. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், செனெகா ஏரியின் தெற்கு முனையில் வாட்கின்ஸ் கிளென் என்று ஒரு சின்ன ஊர். அன்றைக்கு அந்தப் பக்கம் போகிற ரயில்களைக் கொஞ்ச நேரம் மறித்து வைத்தார்கள். வேலைநிறுத்தம் இல்லை, வெள்ளம் இல்லை, விபத்தும் இல்லை. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்த சிலர் அந்த ஊர் றோட்டுகளில் சேர்ந்து ஓட ஆசைப்பட்டார்கள். அவர்கள் தெரிந்தெடுத்த பாதை ஓரிடத்தில் தண்டவாளத்தைக் கடந்தது. கேட்டார்கள், ரயில் கொம்பனியும் சம்மதித்தது. அமெரிக்க மோட்டார் வரலாற்றில் அது ரயில்களை நிறுத்திய நாள் என்றே பெயர் பெற்றுவிட்டது.

முதன்முதலில் இதை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. 2022 இல் பெற்றோல் செட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து இரவிரவாக நித்திரை கொண்ட ஆக்கள் நாங்கள். ஓட்டுவதற்காகவே கார் ஓட்டுவது என்பது எங்களுக்குப் பக்கத்து வீட்டுக் கலியாணம் மாதிரி. சத்தம் கேட்கும், அழைப்பு வராது. ஆனால் தோண்டித் தோண்டி வாசித்ததில், பணக்காரர் விளையாட்டு என்ற ஒற்றை வரியோடு இந்தக் கதை முடியவில்லை. சிலருடைய ஆசைக்கு ஓர் ஊர் தன்ர றோட்டை இரவல் குடுத்தால் என்ன நடக்கும் என்பதுதான் இதன் கதை.

அந்த ஆக்களுக்கு ஒரு சங்கம் இருந்தது: அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கழகம். தொடங்கியது 1944 பெப்ரவரி 26, பொஸ்டன் நகரத்தில். ஆண்டைப் பாருங்கள். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது, அமெரிக்காவிலேயே பெற்றோல் பங்கீடு. சாதாரணக் காருக்கு 'ஏ' என்று ஒரு ஸ்டிக்கர். அதற்கு வாரத்துக்கு 3 அல்லது 4 கலன். மணிக்கு 35 மைலுக்கு மேல் போகக்கூடாது. 1943 இல் கிழக்கு மாநிலங்களில் உல்லாசத்துக்காகக் கார் ஓட்டுவதையே சில மாதம் தடைசெய்திருந்தார்கள். 4 அமெரிக்கக் கலன் என்றால் ஏறக்குறைய 15 லீற்றர். எங்கட கியூஆர் முறை தொடங்கியபோது காருக்கு வாரம் 20 லீற்றர் தந்தார்கள். அமெரிக்காவை நாங்கள் வென்ற ஒரே இடம் இதுவாக இருக்கலாம்.

உண்மையில் அமெரிக்காவுக்கு எண்ணெயை விட ரயர்தான் பெரிய தலையிடி. இறப்பர் விளைந்த மலாயாவையும் டச்சுக் கிழக்கிந்தியாவையும் யப்பான் பிடித்துவிட்டது. நேசநாடுகளுக்கு மிஞ்சிய பெரிய இறப்பர் நிலங்களில் இலங்கையும் ஒன்று. அந்தக் காலத்தில் இங்கே மரங்களை அளவு கணக்கில்லாமல் வெட்டிப் பால் எடுத்தார்கள். பொஸ்டன்காரரின் பொழுதுபோக்குக்கும் எங்கட தோட்டங்களில் விடியப்புறம் எழும்பியவர்களுக்கும் ஒரு கோடு ஓடுகிறது. மெல்லிய கோடுதான், இருந்தாலும் ஓடுகிறது.

ஓட எண்ணெய் இல்லாத நேரத்தில் ஏன் ஓட்டிகள் சங்கம்? வைத்திருக்கிற நல்ல கார்களை அழியவிடாமல் காப்பாற்றுவதுதான் முதல் நோக்கம். அதற்கு அவர்கள் போட்ட விதி கொஞ்சம் விசித்திரமானது. ஸ்போர்ட்ஸ் கார் சொந்தமாக இருந்தால்தான் உறுப்பினர் ஆகலாம். அந்தக் காரில் ஆர்வமில்லாத ஒருத்தருக்கு அதை விற்றால் உறுப்புரிமை போய்விடும். பொருளை நேசிக்கிறவர்கள் கைக்குள்ளேயே பொருள் சுற்றவேணும் என்ற எண்ணம் எங்களுக்கு விளங்குகிறது. பழைய புத்தகம் சேர்க்கிற எங்கட கூட்டாளிகளும் இப்படித்தான். ஆனால் அந்த விதி ஒரு வேலியும்தான். கார் வாங்க வசதியில்லாத, ஆனால் காரைப் பற்றி எல்லாம் தெரிந்த மெக்கானிக்குக்கு உள்ளே இடம் இல்லை.

போர் முடிந்ததும் வேலிக்கு வெளியே நின்றவர்களில் கொஞ்சப்பேருக்காவது கதவு திறந்தது. திறந்தது ஒரு சின்ன இங்கிலாந்துக் கார்.

எம்ஜி ரீசி. ஒக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் அபிங்டன் என்ற ஊரில் 1945 முதல் 1949 வரை செய்தார்கள்; மொத்தமாகப் பத்தாயிரம் கார். இஞ்சின் 1250 சீசீ, 54 குதிரைவலு. உடம்பின் சட்டகம் மரத்தில் செய்தது. சில்லுகள் சைக்கிள் சில்லு போலக் கம்பி வைத்தவை, உயரமானவை. அமெரிக்காவின் பெரிய கார்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஸ்ரியரிங் வலப்பக்கம் மட்டும்தான், எங்கட கார்களைப் போல. அமெரிக்காவில் றோட்டின் வலப்பக்கம் ஓடுவதால், முன்னால் போகிற லொறியை முந்துவதென்றால் பக்கத்தில் இருக்கிறவர்தான் எட்டிப் பார்த்து 'போகலாம்' என்று சொல்லவேணும். தனிய ஓட்டுகிறவர் கடவுளை நம்பவேண்டியதுதான். இருந்தும் இங்கிலாந்தில் நின்றபோது எம்ஜிகளைக் கண்டு மயங்கிய அமெரிக்கச் சிப்பாய்களும் அவர்களின் கூட்டாளிகளும் அதை வாங்கினார்கள். ஏறக்குறைய 2000 கார்கள் அமெரிக்காவுக்குப் போயின. பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த 2000 பேரும் ஒருத்தரையொருத்தர் றோட்டில் கண்டால் கை காட்டினார்கள், லைட் அடித்தார்கள், நின்று கதைத்தார்கள்.

இங்கிலாந்து ஏன் இப்படி அள்ளி அனுப்பியது என்பதையும் சொல்லவேணும். போரில் கடன்பட்டு நின்ற நாடு அது. ஏற்றுமதி செய்கிற தொழிற்சாலைக்குத்தான் இரும்பு என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ஆகவே அபிங்டனில் இருந்து எம்ஜி நியூயோர்க்குக்குக் கப்பலேறியது. அதே காலத்தில் ஒஸ்டின் ஏ40 கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. ஒரே கடன், ஒரே இரும்பு. ஒன்று விளையாட்டுக்குப் போனது, மற்றது எங்கட ஹயர் கார் ஆனது. அந்த ஏ40க்குத் திரும்பி வருவோம்.

வாட்கின்ஸ் கிளெனுக்கு யோசனையைக் கொண்டுவந்தவர் கமரன் ஆர்கெட்சிங்கர். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர், கையில் ஓர் எம்ஜி ரீசி. அவர் குடும்பத்துக்கு செனெகா ஏரிக்கரையில் கோடைகால வீடு இருந்தது. அந்த றோட்டுகள் பழக்கம். ஊராருக்கும் ஒரு தேவை இருந்தது. பள்ளத்தாக்கும் நீர்வீழ்ச்சியும் பார்க்க வருகிற சனம் கோடையோடு நின்றுவிடும். இலையுதிர்காலத்திலும் கடை ஓடவேணும் என்று வர்த்தகர்கள் நினைத்தார்கள். ஆசையும் வியாபாரமும் கை குலுக்கின. பிறகு அனுமதிகள்: ஊர், மாவட்டம், மாநிலம், ரயில் கொம்பனி. சட்டம் படித்த மாணவனுக்கு நல்ல பயிற்சிதான்.

பாதை 6.6 மைல், எங்கட கணக்கில் பத்தரைக் கிலோமீற்றர் சொச்சம். பிராங்க்ளின் தெருவில் நீதிமன்றக் கட்டடத்துக்கு முன்னால் தொடங்கி, மலை ஏறி, கல்லுப் பாலம் கடந்து, தண்டவாளம் கடந்து, திரும்ப இறங்கி ஊருக்குள் வரும். இடையில் தார் போடாத துண்டும் இருந்தது. பிரதான ஓட்டம் 8 சுற்று. பணப்பரிசு கிடையாது, எல்லாரும் தொழில்முறை அல்லாதவர்கள், அதுதான் கழகத்தின் கொள்கை. ஓடுகிற காரிலேயே பலர் வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். ஸ்மோலி என்ற ஊர்க் கராஜில் கார்களைப் பரிசோதித்தார்கள். வென்றது பிராங்க் கிரிஸ்வோல்ட், ஓட்டியது அல்பா ரோமியோ. ஆர்கெட்சிங்கர் தன்ர எம்ஜியிலேயே ஓடினார், வெல்லவில்லை. பில் மிலிகன் என்ற விமானப் பொறியியலாளர் ஒரு வளைவில் புகாட்டியைக் கவிழ்த்தார், காயமில்லை. அந்த வளைவுக்கு இன்றுவரை மிலிகன் வளைவு என்றுதான் பெயர். கவிழ்ந்த மனிசன் அதோடு விடவில்லை. கார் வளைவில் ஏன், எப்படிப் பிடி விடுகிறது என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்து, அந்தத் துறையின் அடிப்படைப் பாடநூல் ஒன்றை இன்னொருவரோடு சேர்ந்து எழுதினார். 101 வயது வரை இருந்தார். விழுந்த இடத்தில் இருந்து படித்தவர் என்பதால் எங்களுக்கு இந்தக் கதையில் ஆகப் பிடித்த ஆள் அவர்தான்.

1948 என்றதும் எங்கட ஆக்களுக்கு வேறு நினைவு வரும். அதே ஆண்டுதான் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் இங்கே நிறைவேறியது. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு கிராமம் கார் பார்க்கத் தெருவோரத்தில் நின்றது. இரண்டையும் முடிச்சுப் போட நாங்கள் வரவில்லை. ஆனால் திகதியை எழுதுகிறபோது கை ஒருக்கால் நிற்கிறது.

முதல் ஆண்டு நல்லாய்ப் போனது. அடுத்தடுத்த ஆண்டுகளில் கார்கள் பெருகின, வேகம் பெருகியது, சனம் பல மடங்கானது. றோட்டு மட்டும் அதே றோட்டு. நடைபாதை விளிம்பில் பிள்ளைகள் இருந்து பார்ப்பார்கள். காருக்கும் அவர்களுக்கும் இடையில் வைக்கோல் கட்டு இருந்தால் பெரிய விசயம். 1950 இல் சாம் கொலியர் என்ற ஓட்டி ஃபெராரியில் போய் உயிரிழந்தார். அவரும் சகோதரரும் அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கை 1930களிலேயே தொடங்கியவர்கள். துக்கம்தான், ஆனால் தெரிந்து ஏறியவரின் துக்கம் என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி இருந்தது.

1952 இல் அந்த வழி அடைபட்டது. பிராங்க்ளின் தெருவில் ஒரு கார் விளிம்பில் இருந்தவர்களைத் தட்டியது. பலருக்குக் காயம். 7 வயதுப் பொடியன் ஒருவன் செத்துப்போனான். ஓட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்தினார்கள்.

அவன் எந்தச் சங்கத்திலும் இல்லை. அவனுக்குக் கார் இல்லை, அனுமதிப்பத்திரம் இல்லை, இந்த ஆபத்துக்குச் சம்மதிக்கிற வயதும் இல்லை. அவன் தன்ர ஊர்த் தெருவில் இருந்தான், அவ்வளவுதான். ரயிலை மறிக்க ரயில் கொம்பனியிடம் அனுமதி கேட்டார்கள். தெருவோரத்தில் இருக்கிற பிள்ளையின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை 5 ஆண்டுகளாக ஒருத்தரும் அவ்வளவு கவனமாகக் கேட்கவில்லை. ஓட்டிகளைக் கொடூரமானவர்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். இரவல் வாங்கிய பொருள் யாருடையது என்பதை மறந்துபோனார்கள் என்றுதான் சொல்லுவோம்.

அதற்குப் பிறகு ஊர்த்தெரு ஓட்டம் அங்கே இல்லை. 1953 இல் மலைமேல் பண்ணைகளுக்கு நடுவே வேறு பாதை. 1956 இல் ஓட்டத்துக்கென்றே தனித்தடம். 1961 முதல் 1980 வரை போர்முலா வன் அங்கேதான் வந்தது. விஸ்கொன்சினில் எல்க்ஹார்ட் லேக் ஊரும் இப்படித்தான், 1955 இல் தனித்தடத்துக்கு மாறியது. கலிபோர்னியாவில் பெபிள் பீச்சில் பைன் மரங்களுக்கு இடையில் ஓடியவர்கள் 1956 இல் ஓர் ஓட்டியை இழந்தபின் லகுனா செகாவுக்குப் போனார்கள்.

இடையில் ஒரு வினோதமான உதவி வந்தது. தனித்தடங்கள் வரும்வரை எங்கே ஓடுவது? அமெரிக்க விமானப்படையின் ஜெனரல் கேர்ட்டிஸ் லெமே தன் குண்டுவீச்சு விமானத்தளங்களின் ஓடுபாதைகளைத் திறந்துவிட்டார். 1952 முதல் 1954 வரை கழகம் அங்கே ஓடியது. வந்த காசு விமானப்படைப் பொடியளின் வசதிகளுக்குப் போனது. அவரும் ஸ்போர்ட்ஸ் கார்ப் பிரியர். தளங்களில் சிப்பாய்கள் தங்கள் கார்களைத் தாங்களே திருத்தப் பட்டறைகள் வைத்துக்கொடுத்தவர். 1945 மார்ச்சில் ஒரே இரவில் டோக்கியோவை எரித்து, ஒரு லட்சம் பேர் வரை சாகக் காரணமான தாக்குதலை நடத்தியவரும் இதே லெமேதான். வானத்தில் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடின சனத்தின் பிள்ளைகளாக இதை வாசிக்கையில் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. பொழுதுபோக்கு ஒருத்தரை நல்லவர் ஆக்குவதில்லை. நல்ல பொழுதுபோக்குகள் கெட்டவர்களுக்கும் இருக்கும்.

வேகம் தனித்தடத்துக்குப் போனபிறகு றோட்டில் மிஞ்சியது என்ன? எங்களைக் கேட்டால், அதுதான் இந்தப் பொழுதுபோக்கின் நல்ல பாதி. ஒன்று, நேரக்கணக்கு ராலி. ஒருத்தர் ஓட்டுவார், பக்கத்தில் ஒருத்தர் வழியும் கணக்கும் பார்ப்பார். குறித்த சராசரி வேகத்தில் குறித்த இடத்துக்குக் குறித்த நொடியில் போகவேணும். பிந்தினாலும் புள்ளி வெட்டு, முந்தினாலும் வெட்டு. விலை கூடின கார் வைத்திருப்பவருக்கு இதில் பெரிய இலாபம் இல்லை. கணக்குத் தெரிந்த கூட்டாளி இருந்தால் போதும்.

மற்றது, சும்மா சேர்ந்து போவது. இருபது கார் வரிசையாய்ப் போகிறதென்றால் அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. வழி தெரிந்தவர் முன்னால். கருவிப் பெட்டியோடு அனுபவசாலி ஒருத்தர் கடைசியில்; அவரைத் தாண்டி ஒருத்தரும் பின்தங்கக் கூடாது. நடுவில் வருகிறவர் ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிற காருக்குப் பொறுப்பு: சந்தியில் திரும்புவதற்கு முதல், பின்னால் வருகிறவர் தன்னைக் கண்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பவேணும். இப்படிச் செய்தால் முழு வழியும் முன்னால் போகிறவருக்கு மட்டும் தெரிந்தால் காணும், ஒருத்தரும் தொலையார். ஊருக்குள் வந்தால் வேகம் குறைப்பது, வரிசைக்கு நடுவில் ஊர்க்காரரின் வாகனத்துக்கு இடைவெளி விடுவது, இவையும் நல்ல கூட்டங்களின் பழக்கம். யாரும் எழுதித் தொங்கவிட்டதில்லை, புதுசாய் வருகிறவருக்குப் பழைய ஆள் சொல்லிக்கொடுப்பது.

வேலியும் கொஞ்சம் கொஞ்சமாய்த் தளர்ந்தது. டெனீஸ் மெக்லகேஜ் என்ற பத்திரிகையாளர் எம்ஜி ரீசி ஒன்றோடு இந்த உலகத்துக்குள் வந்தார். பெண்களுக்கென்று தனியாக ஓட்டம் வைத்து ஒதுக்குகிற வழக்கம் அப்போது. அவர் புள்ளி போட்ட தலைக்கவசத்தோடு ஆண்களுக்கு எதிராகவே ஓடினார். 1961 இல் செப்ரிங் 12 மணி நேர ஓட்டத்தில் ஃபெராரியில் தன் பிரிவில் வென்றார். ஓடிவிட்டு வந்து அதைப் பற்றி எழுதவும் செய்தார். எழுதுகிற எங்களுக்கு அதில் கொஞ்சம் பொறாமை.

இன்றைக்கும் செப்டெம்பர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வாட்கின்ஸ் கிளெனில் பழைய கார்களும் புதிய கார்களும் பிராங்க்ளின் தெருவில் கூடுகின்றன. பழைய 6.6 மைல் பாதை இப்போது அமெரிக்காவின் வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இருக்கிறது. அதில் மெதுவாக, வரிசையாக, போட்டியில்லாமல் சுற்றுகிறார்கள். கல்லுப் பாலம் அப்படியே. பிள்ளைகள் விளிம்பில் நின்று பார்க்கிறார்கள்.

இனி ஏ40. 1200 சீசீ, 40 குதிரைவலு. எம்ஜியை விடக் கொஞ்சம்தான் குறைவு. யாழ்ப்பாணத்தில் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் என்று பழைய இங்கிலாந்துக் கார்கள் நீடித்ததற்குக் காரணம் ரசனை மட்டும் இல்லை. 1990களில் பெற்றோல் தடை. இந்தக் கார்களின் இஞ்சின் அழுத்தம் குறைந்தது என்பதால் மண்ணெண்ணெயிலும் ஓடும். ஆனால் குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சின்னப் போத்திலில் பொன்போல வைத்த பெற்றோலைச் சில துளி காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேணும். புகை கண்ணைக் கரிக்கும். எரியாத மண்ணெண்ணெய் இறங்கி இஞ்சின் ஓயிலைத் தண்ணியாக்கும். பிளக் அடிக்கடி கழற்றித் துடைக்கவேணும். இதையெல்லாம் ஒருத்தர் கண்டுபிடித்து மற்றவருக்குச் சொல்லி, அவர் இன்னொருவருக்குச் சொல்லி, ஊர் முழுக்கப் பரவியது. உறுப்பினர் அட்டை இல்லை. சாமான் இல்லாதவருக்குச் சாமான் உள்ளவர் கழற்றிக் குடுத்தார். பிள்ளைப்பேறு, கலியாணம், செத்தவீடு எல்லாம் இந்தக் கார்களில்தான்.

இந்தக் கட்டுரைக்காக முன்னாள் ஹயர்க்காரர் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். அவருடைய ஏ40 மாமரத்துக்குக் கீழே நிற்கிறது, ஓடும் நிலையில். வாட்கின்ஸ் கிளென் கதையைச் சொன்னோம். அமைதியாய்க் கேட்டுக்கொண்டிருந்தவர் ரயிலுக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"ரெயினை மறிச்சவங்களோ? எவ்வளவு நேரம்?"

"ஒரு பின்னேரம், ஐயா."

"இஞ்ச 24 வருசம் மறிச்சு வைச்சவங்கள், பிள்ளையள்."

1990 இல் நின்ற யாழ்தேவி 2014 இல்தான் யாழ்ப்பாணம் திரும்பியது. அவர் சிரித்துவிட்டுப் பொனற்றைத் திறந்தார். அந்தச் சின்னப் போத்தில் இன்னும் உள்ளே ஒரு மூலையில் செருகியிருந்தது. எங்களில் ஒராளைக் கிட்ட வரச்சொல்லி, எந்த இடத்தில் எத்தனை துளி விடவேணும் என்று காட்டினார். மூன்று துளியில் ஸ்ரார்ட் ஆகவில்லை. ஐந்தில் ஆனது.